எண் கட்டத்தைத் தளர்த்திய நாள்

சுனி மாற்றியது ஒரே ஒரு வரி. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதுதான் பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது. அரை நாள் மெனக்கெட்டுச் செய்த தவறாக இருந்திருந்தால் எப்படியோ தாங்கியிருப்பாள்.

அன்றைக்குத் தாய்லாந்தின் உபோன் நகரில் காலையிலிருந்து விடாத மழை. அலுவலகத்துக்குக் கீழே, பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துத் தரும் கடையில், பசையரிசிச் சோற்றை விரலால் உருட்டி வாயில் போடப் போகும் நேரத்தில் கைபேசி அடித்தது. கண் ஆஸ்பத்திரியில் பதிவு மேசையைக் கவனிக்கும் தலைமை நர்ஸ் லமாய்.

"சுனி, உன் படிவம் என் உயிர வாங்குது."

"என்னக்கா ஆச்சு?"

"பெரியவங்க ஃபோன் நம்பர் அடிக்கிறாங்க. உன் பொட்டி செவப்பா எழுதித் திட்டுது. அது அவங்களத் திட்டுது, அவங்க என்னைத் திட்டுறாங்க. இந்த மாசத்துல இவர் நாலாவது ஆளு. கைத்தடியால கம்ப்யூட்டர ஒரு தட்டு தட்டிட்டாரு."

"நம்ம எண்ணுல அடிக்கிறாரா?"

"வேற எதுல அடிப்பாரு?"

"அரபு எண்ணுல அடிக்கச் சொல்லுங்கக்கா."

"சொன்னேனே. நான் என்ன அரபு நாட்டுலயா பொறந்தேன்னு கேக்குறாரு. பின்னாடி முப்பது பேரு நிக்கிறாங்க. நீயே வந்து பதில் சொல்லு."

தமிழில் ௧, ௨, ௩ இருப்பதுபோல் தாய்லாந்துக்காரர்களுக்கும் சொந்த எண்கள் உண்டு. வித்தியாசம், அங்கே அவை இன்னும் உத்தியோகத்தில் இருக்கின்றன. அரசாங்கக் கடிதம் என்றால் அந்த எண்ணில்தான் தேதி போட வேண்டும். மற்ற இடங்களில் எல்லோரும் எழுதும் 1, 2, 3 அவர்கள் பேச்சில் அரபு எண். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த விசைப்பலகையோ பழைய தட்டச்சுப் பலகையின் அமைப்பு. ஷிப்டை அழுத்தினால் சொந்த எண் வரும். அரபு எண் வேண்டுமென்றால் மொழியையே மாற்றியாக வேண்டும். வயதானவர்களுக்கு எது எளிது என்று கேட்கவே வேண்டாம்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்க்கா."

"சாயங்காலமா? அதுவரைக்கும் இந்தக் கைத்தடிய யாரு வாங்கிக்கிறது, நீயா?"

சுனி சோற்றை இலையில் வைத்து மூடிவிட்டு மாடியேறினாள்.

படிவத்தில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். அதற்கென்று ஒரு குறிமுறை இருக்கிறது. சதுர அடைப்புக்குள் எந்த எழுத்துகளைப் போடுகிறோமோ அவை மட்டும் உள்ளே வரலாம். மற்றதெல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். தொலைபேசி எண்ணுக்கு அவள் [0-9] என்று போட்டிருந்தாள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை, அரபு எண் மட்டும். இப்போது அந்த அடைப்பை அழித்துவிட்டு \d என்று இரண்டே குறிகளை வைத்தாள். அவள் வேலை செய்த கணினி மொழியில் அதற்கு, எந்த நாட்டு எழுத்தானாலும் சரி, எண்ணாக இருந்தால் உள்ளே விடு என்று பொருள். சேமித்தாள். தாய்லாந்து எண்ணில் ஒரு நம்பரை அடித்துப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது.

லமாய் உடனே கூப்பிட்டாள். "போயிடுச்சு! புண்ணியமாப் போகட்டும் உனக்கு."

ஆனால் சுனிக்குத் தெரியும். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுக்கும் பாங்காக் நிறுவனத்தின் இயந்திரம் அரபு எண்ணை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் உள்ளே வந்த எண்ணை மாற்றி வைத்துக்கொள்ள இன்னொரு வரி எழுத வேண்டும். தெரிந்துதான் அந்த வரிக்கு மேலே, "எண்ணை மாற்றி அனுப்பணும், பிறகு" என்று குறிப்பு எழுதினாள். அந்த வாரம் மெழுகுவர்த்தித் திருவிழா. ஊர்வலம் பார்க்க வருகிறவர்களுக்கு இருக்கை பதிவு செய்யும் பக்கத்தை அவர்கள் நிறுவனம்தான் செய்துகொண்டிருந்தது. முதலாளி தோய் நிமிடத்துக்கொரு தரம் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திருவிழா முடிந்தது. வேறொரு வேலை வந்தது. லமாயும் அதற்குப் பிறகு புகார் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடாததை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சுனி எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியின் பதிவுகளைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும் வேலை வித் என்ற இளைஞனிடம் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து அவன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான்.

"சுனி அக்கா, அறுபத்திரண்டு செய்தி எந்தக் காலத்துலயும் போய்ச் சேரல. என்ன மாயம்?"

"நம்பர் தப்பா இருக்கும்."

"உங்க கட்டத்தத் தாண்டித் தப்பு நம்பரா? கொசுகூட நுழையாதுன்னு தோய் அண்ணன் பெருமையடிச்சுக்குவாரே."

திரையை அவள் பக்கம் திருப்பினான். அறுபத்திரண்டு வரியிலும் எண்கள் தாய்லாந்து எழுத்தில் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடந்தன.

சுனி அவன் கையிலிருந்த சுட்டியை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெரும்பாலும் மறு பரிசோதனைக்கான நினைவூட்டல்கள். அவர்களிடம் தேதி எழுதிய அட்டை இருந்தது. செய்தி போகாமலே வந்து போயிருந்தார்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று தாண்டத் தாண்ட நெஞ்சில் கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசி வரிகளுக்குள் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது. தவின், வயது அறுபத்தாறு. முதல் செய்தி பிப்ரவரியில், இரண்டாவது ஜூனில். வாசகம் இரண்டிலும் ஒன்றேதான்: "உங்களுக்கு மாற்றுக் கருவிழி கிடைத்துள்ளது. நான்கு மணி நேரத்துக்குள் பதில் அளிக்கவும். பதில் இல்லையேல் அடுத்தவருக்கு வழங்கப்படும்."

"அக்கா?" என்றான் வித். சிரிப்பு போயிருந்தது. "இவருக்குக் குடுத்தாங்களா?"

"இல்ல."

இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்த கருவிழி நாள்கணக்கில்தான் தாங்கும். வரிசையில் முதலில் இருப்பவருக்குச் செய்தி போகும். அவர் பேசாமலிருந்தால் இரண்டாமவருக்கு. இரண்டு முறை பேசாதவரின் பெயர் வரிசையைவிட்டே போய்விடும். தவின் ஜூன் மாதமே வரிசையிலிருந்து போய்விட்டார். இப்போது செப்டம்பர்.

தோய் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பதாயிரம் செய்தியில அறுபத்திரண்டு. இது தப்பே இல்ல சுனி, தூசி. எண்ண மாத்துற வரியப் போட்டுடு. முடிஞ்சுது."

"ஒருத்தர் கண்ணு போகுது அண்ணே."

"போகுதுன்னு நீ பாத்தியா? ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கட்டும், சொல்லலாம். நாமளே போய்த் தலைய நீட்டணுமா?"

"அவங்களுக்குத் தெரியாதே. தெரிஞ்சாத்தானே கேப்பாங்க? திரும்ப வரிசையில சேத்தா இன்னும் பொருத்தலாம் இல்லியா?"

தோய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அந்த மாதச் சம்பளத்தை யோசித்துக்கொண்டிருந்தார். "சரி, போ" என்றார் கடைசியில். "ஆனா நிதானமாப் பேசு. ஒப்பந்தத்தக் கிழிச்சு எறியற மாதிரி பேசாத."

கிளம்புவதற்கு முன் சுனி அந்த வரியை எழுதினாள். சொந்த எண் எது வந்தாலும் அதற்குரிய அரபு எண்ணாக்கிச் சேமிக்கும் வரி. எழுதி, சோதித்து, ஏற்றினாள். அதற்கு நான்கு நிமிடம் ஆனது.

ஆஸ்பத்திரியில் சுனி காட்டிய பட்டியலைப் பார்த்ததும் லமாய் நாற்காலியில் அமர்ந்துவிட்டாள்.

"நாந்தானே உன்ன அவசரப்படுத்துனேன்."

"நீங்க கதவத் தட்டுனீங்க அக்கா. தொறந்து விட்டது நான்."

"முன்னாடியெல்லாம் நாங்களே ஃபோன் போட்டுக் கூப்பிடுவோம். எடுக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரனக் கூப்பிடுவோம். ஊர்த் தலைவர் வீட்டுக்குப் பேசுவோம். அந்த வேலையத்தான் உங்க மிஷினுக்குக் குடுத்துட்டாங்களே." சொல்லிவிட்டு லமாய் தன் வாயையே நொந்தவள்போல் சுனியின் கையைப் பிடித்தாள். "இரு. டாக்டர்கிட்ட நான் பேசறேன். அவர மறுபடி மொத ஆளாப் போடச் சொல்றேன். போடுவாங்க. போடாம எங்க போவாங்க?"

போட்டார்கள். மறுநாளே எழுத்தில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஊருக்குப் போய்த் தவினை ஏற்றிவந்தது. அந்த மூன்று நாளும் சுனி வாய்விட்டு யாரிடமும் சொல்லாமல் ஒரு கணக்கு வைத்திருந்தாள்: இன்னும் ஒரு மாதத்தில் ஒரு கருவிழி வராதா, வந்தால் பொருத்திவிடுவார்கள், அப்புறம் போய்ப் பார்த்து விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அந்த மனிதர் திட்டுவார், திட்டிவிட்டுச் சிரிப்பார்.

மூன்றாம் நாள் மதியம் லமாய் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"ரத்தக் குழாய் உள்ள வளந்துடுச்சாம் சுனி. இனிமே வெச்சா ஒட்டாதாம், உடம்பே தள்ளிடுமாம். பிப்ரவரியில வந்திருந்தா செஞ்சிருப்பேன், ஜூன்லகூட முயற்சி பண்ணியிருப்பேன்னாரு டாக்டரு. இன்னொரு கண்ணு முன்னயே மங்கிப் போச்சு. வெளிச்சம் இருட்டுதான் தெரியுதாம்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கண்ணு ஒத்துக்காதுன்னு சொன்னோம். இவ்ளோ நாள் ஏன் கூப்பிடலன்னு ரெண்டு தடவ கேட்டாரு. டாக்டரு என்னப் பாத்தாரு. நான் ஜன்னலப் பாத்தேன்." லமாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்து கடிதம் போகும். ஆனா அதுல எதுவும் இருக்காது. உனக்குத் தெரியும்ல, கடிதம் எப்படி எழுதுவாங்கன்னு."

ஞாயிற்றுக்கிழமை சுனி போனாள். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட வேனில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் வயல் நடுவே நடை. கையில் ஒரு பை இனிப்புப் புளியும் ஒரு டப்பா ஓட்ஸும். டப்பாவை எதற்கு வாங்கினோம் என்று வழியெல்லாம் அவளுக்கே விளங்கவில்லை. துக்க வீட்டுக்கும் போகவில்லை, நோயாளியைப் பார்க்கவும் போகவில்லை. இப்படி ஒரு காரியத்துக்கு என்ன கொண்டுபோவது என்று கடைக்காரியிடம் கேட்கவும் முடியவில்லை.

வீட்டு வாசலில் தவினின் மனைவி புப்பா மிளகாயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூங்கில் கட்டிலில், பொத்தான் எல்லாம் போட்ட சட்டையில், தவின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வீட்டிலும் மேசைக்கு முன்னால் உட்காருவதுபோலவே உட்காருவார் போலிருக்கிறது. சுனி தரையில் மண்டியிட்டு, நெற்றி கட்டைவிரலில் படும்படி கும்பிட்டாள். அவர் கை உயரவில்லை. அவள் நிமிராமல் காத்திருந்தாள்.

"நீ கும்பிடறது அவருக்குத் தெரியாது புள்ள" என்றார் புப்பா. "வாயால சொல்லு."

சுனி சொன்னாள். வழியில் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. யார், எங்கே வேலை, எந்த வரி, எதற்கு மாற்றினாள், எதைச் செய்யாமல் விட்டாள், எத்தனை தடவை செய்தி போகவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். தவின் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மனு கொடுக்க வந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"நான் சரியாத்தான் அடிச்சேன். ஷிப்ட அழுத்திக்கிட்டு ஒவ்வொண்ணா அடிச்சேன். ரெண்டு தடவ சரி பாத்தேன். அப்பல்லாம் பெரிய எழுத்துன்னா தெரியும் எனக்கு. பச்சையாக் குறி வந்துச்சு."

"நீங்க அடிச்சது சரிதான் பெரியப்பா. குறி வந்ததுதான் தப்பு. அது என் தப்பு."

"செவப்பாவே விட்டிருந்தா?"

"வேற எண்ணுல அடிச்சிருப்பீங்க."

"திட்டிக்கிட்டே அடிச்சிருப்பேன்" என்றார்.

புப்பா மிளகாயை விட்டுவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். "இந்த ஃபோன வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் பண்ணுன கூத்து உனக்குத் தெரியுமா? குளிக்கப் போனா பிளாஸ்டிக் பையில கட்டிக் கூடவே கொண்டு போவாரு. கோயில்ல சாமியார் ஓதும்போதுகூடச் சத்தத்தக் குறைக்க மாட்டாரு. என் தங்கச்சி கூப்பிட்டா, ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள பிடுங்குவாரு. மகன் ரேயோங்ல இருக்கான். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், வை! அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல அவன்கிட்ட வாய் தொறந்து பேசல நான்."

"லைன் பிசியா இருந்தா ஆஸ்பத்திரிக்காரன் என்ன நினைப்பான்?" என்றார் தவின், பழைய சண்டையைத் தொடர்கிறவர்போல.

"நீங்களே ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் பேசியிருக்கலாமே பெரியப்பா" என்று சுனியின் வாயில் வந்தது. கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "ரசீதுல போட்டிருந்துச்சு. அழைக்கப்படும்வரை காத்திருக்கவும், விசாரிக்க வேண்டாம்னு. என் மேசையிலயும் அப்படி ஒரு பலகை வெச்சிருந்தேன். வரிசையில நிக்காம வந்து கேக்குறவன எனக்குப் பிடிக்காது. ஒருத்தனையும் முன்னாடி விட்டதில்ல, என் மச்சானக்கூட."

"விடலதான்" என்றார் புப்பா. "இன்னிக்கு வரைக்கும் அவன் இந்த வீட்டுல சாப்பிடறதில்ல."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். தவின் கையால் துழாவிப் புளிப் பையை எடுத்து, ஒரு புளியை உரித்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த ரெண்டும் யாருக்குப் போச்சு?"

பெயர் சொல்லக்கூடாது. ஆனால் லமாயிடம் கேட்டு வைத்திருந்தாள். "ஒருத்தர் லாரி ஓட்டுறவரு. இன்னொண்ணு பள்ளிக்கூடம் போற பொண்ணு."

"பாக்குறாங்களா?"

"பாக்குறாங்க பெரியப்பா. ரெண்டு பேருமே."

"நல்லது." புளியை விரலால் உருட்டியபடி இன்னொரு முறை சொன்னார். "நல்லதுதான். ஆனா முற என்னுது."

சுனி அழுதாள். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். அவருக்குக் கேட்டால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தாள். அவர் ஆறுதல் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை.

"நான் பேசாம இருந்தேன்ல," என்றார் தவின். "அவங்க கணக்குல. அப்ப என் பேருக்கு நேரா என்ன எழுதுனாங்க?"

அவளுக்கு அது தெரியும். அந்தப் பத்தியில் என்னென்ன வார்த்தைகள் வரலாம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவள்தான். பொருத்தப்பட்டது, காத்திருக்கிறார், விருப்பமில்லை. மூன்றே மூன்று. சொல்லாமல் இருக்கப் பார்த்தாள். அவர் முகம் அவள் பக்கம் திரும்பியே இருந்தது.

"விருப்பமில்லைன்னு."

தவினின் கையிலிருந்த புளி மடியில் விழுந்தது. இவ்வளவு நேரமும் நிமிர்ந்திருந்த முதுகு அப்போதுதான் கொஞ்சம் வளைந்தது.

"நான் அப்படிச் சொல்லலியே" என்றார். புப்பாவின் பக்கம் திரும்பினார். "சொன்னேனா?"

"இல்லீங்க."

"நான் அப்படிச் சொல்லல. அத எடுத்துடு புள்ள."

"எடுத்துடறேன் பெரியப்பா. நாளைக்குக் காலையிலயே."

"எடுத்துட்டு? எடம் காலியா விட முடியாதே. என்ன எழுதுவே?"

சுனி கைபேசியை எடுத்து வெற்றுப் பக்கத்தைத் திறந்து, நீங்களே சொல்லுங்கள் என்றாள். தவின் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பத்தைந்து வருடம் கடிதம் எழுதிய குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் எழுதினாள்.

"படி."

"விருப்பத்துடன் காத்திருந்தார். அழைக்கப்படவில்லை."

"ரெண்டு தடவன்னு சேத்துக்கோ."

சேர்த்தாள். புப்பா எழுந்து வாசலுக்குப் போய், காய்ந்துவிட்ட மிளகாயை அள்ள ஆரம்பித்தார்.

"இப்பப் படி" என்றார் தவின்.